மறுதொடக்கத்துக்குப் பிறகும் ரெஜிஸ்ட்ரி மாற்றம் நிலைக்க

பெங்களூரு அல்சூரில் மளிகைக்கடை நடத்தும் என் மாமாவின் பில்லிங் கணினியில் தினமும் காலையில் நம்லாக் (எண் விசைகளை இயக்கும் விசை) அணைந்தே இருக்கும். விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியைத் திருத்த ரெகெடிட்டைத் திறந்து, அந்தந்தப் பயனருக்கான கரண்ட் யூசர் கிளையில் கண்ட்ரோல் பேனல், கீபோர்டு என்று போய், இனிஷியல் கீபோர்டு இண்டிகேட்டர்ஸ் மதிப்பை 2 (நம்லாக் இயங்கும்) ஆக்கிவிட்டு வருவேன்; மறுநாள் அது 0 (அணைந்திருக்கும்) ஆகியிருக்கும். வெளியேறும் நேரத்தில் நம்லாக் எந்த நிலையில் உள்ளதோ அதையே விண்டோஸ் அங்கே எழுதிவைக்கிறது என்பது பிறகுதான் புரிந்தது. மதிப்பை மாற்றிய நான் நம்லாக் விசையை அழுத்தவே இல்லை.

ரெகெடிட்டில் மாற்றியது உடனே பதிவாகிவிடும். பழைய மதிப்பு திரும்பினால் வேறொன்று அதை மேலெழுதுகிறது என்று பொருள். ஆகவே முதலில் அந்தக் கிளையை எக்ஸ்போர்ட் செய்து நகல் எடுத்துக்கொண்டு மதிப்பை மாற்றுங்கள். பிறகு ஷட் டவுன் செய்யாமல் ரீஸ்டார்ட் கொடுங்கள். விண்டோஸ் 8 முதல் உள்ள ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கினால், ஷட் டவுன் கணினியை முழுமையாகப் புதிதாகத் தொடங்கவைப்பதில்லை. கணினி முழுமைக்குமான லோக்கல் மெஷினில் உள்ள ஹார்ட்வேர் கிளையை மட்டும் தொடாதீர்கள். அது ஒவ்வொரு முறையும் நினைவகத்தில் புதிதாக உருவாக்கப்படுகிறது.

மேலெழுதுவது எது என்று அறிய, மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் பிராசஸ் மானிட்டரையே பரிந்துரைக்கிறேன். ரெஜிஸ்ட்ரி கிளீனர் வகையறாக்களை நிறுவவே வேண்டாம்.

தடுக்க முடியாத இடத்தில், புதிய மதிப்பு மட்டும் அடங்கிய ரெக் (.reg) கோப்பை, ரெக் இம்போர்ட் கட்டளை வழியாக, பணிகளைத் தானாக ஓடவைக்கும் டாஸ்க் ஷெட்யூலரில் ‘அட் லாக் ஆன்’ (பயனர் உள்நுழையும்போது) என்று ஏற்றிவையுங்கள். நான் இரண்டு மாலைகளை இழந்தது இங்கேதான். அதிக அதிகாரம் இருக்கட்டும் என்று பணியை விண்டோஸின் சொந்தக் கணக்கான சிஸ்டம் கணக்கில் ஓடவிட்டேன். பணி வெற்றி என்று காட்டியது, மாமாவின் கணக்கில் எதுவும் மாறவில்லை. சிஸ்டம் கணக்குக்கு கரண்ட் யூசர் என்பது அதன் சொந்தக் கிளை. எனவே கரண்ட் யூசர் மாற்றம் என்றால், பணி அந்தப் பயனரின் பெயரிலேயே ஓட வேண்டும். லோக்கல் மெஷின் மாற்றத்துக்குத்தான் உயர் அதிகாரம் தேவை. மற்றொரு மென்பொருள் தாமதமாக எழுதுவதாகத் தெரிந்தால், பணியைத் தொடங்கவைக்கும் ட்ரிகரில் 30 விநாடித் தாமதம் வையுங்கள்.

பின்சேர்க்கை: எலெக்ட்ரானிக் சிட்டியில் பணிபுரியும் நண்பர், அலுவலக மடிக்கணினியில் இது பலிக்கவில்லை என்றார். அங்கே நிர்வாகி எல்லாக் கணினிகளுக்கும் விதிக்கும் அமைப்புகளான குரூப் பாலிசி, கணினி தொடங்கும்போதும் பின்னர் ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒருமுறையும் புதுப்பிக்கப்படும். நடைமுறையில் உள்ள கொள்கைகளைக் காட்டும் ஜிபிரிசல்ட் (gpresult) கட்டளையில் அந்தக் கொள்கை தெரிந்தால், ஐடி துறையிடம் கேட்டுத்தான் மாற்ற வேண்டும்.