லாங் ஆர்ம் லிஃப்ட் கிட் வாங்கும் முன்

கரடுமுரடான பாதையில் ஓட்டும் ஜீப் போன்ற வண்டியை உயர்த்தி, அதன் கன்ட்ரோல் ஆர்ம்களையும் நீளமானவையாக மாற்றும் தொகுப்புதான் லாங் ஆர்ம் லிஃப்ட் கிட். வண்டியை 2 அங்குலம் மட்டும் உயர்த்துவதற்கு அது தேவையே இல்லை. உயரம் 4 அங்குலத்தைத் தாண்டும்போதுதான் குட்டையான கன்ட்ரோல் ஆர்ம்கள் (சக்கர அச்சைச் சேஸிஸ் என்ற அடிச்சட்டத்துடன் இணைக்கும் கைகள்) அதிகமாகச் சாய்ந்து, ஒவ்வொரு மேட்டின் அதிர்ச்சியையும் சேஸிஸுக்கு அனுப்பும். நீண்ட ஆர்ம் அந்தச் சாய்வைக் குறைக்கிறது.

முதலில் பார்க்க வேண்டியது, ஆர்மைச் சேஸிஸுடன் பிணைக்கும் பிராக்கெட். அது வண்டியின் நடுவயிற்றில் தாழ்ந்து தொங்கினால் பாறையில் முதலில் இடிபடும். உயர்த்திய பயனில் பெரும்பகுதி அங்கேயே போய்விடும். பிராக்கெட் வெல்டிங் செய்து பொருத்தும் வகை என்றால் தேர்ந்த கை வேண்டும், பழைய நிலைக்குத் திரும்புவதும் கடினம். நீளத்தைத் திருகிச் சரிசெய்யக்கூடிய ஆர்மையே நான் பரிந்துரைப்பேன். காஸ்டர் கோணத்தை, அதாவது முன்சக்கரம் திரும்பும் அச்சு முன்பின்னாகச் சாய்ந்திருக்கும் அளவை, திருத்த அது உதவும். சாலையிலும் ஓட்டுபவர்கள் ஒரு முனையிலாவது ரப்பர் புஷ் (அதிர்வைத் தணிக்கும் ரப்பர் உறை) உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். வண்டி உயர்ந்தபின் பிரேக் ஹோஸின் (பிரேக் திரவம் செல்லும் குழாய்) நீளம் போதுமா என்பதையும் கட்டாயம் பாருங்கள்.