கேவர்ன் கிளப்பில் படமெடுக்கும்போது சறுக்கும் இடங்கள்

லிவர்பூலின் மேத்யூ தெருவில் படியிறங்கி கேவர்ன் கிளப்புக்குள் போனால், செங்கல் வளைவுக்கு அடியில் நான்கு பேர், இந்த ஊரில் பிறந்த அறுபதுகளின் இசைக்குழுவான பீட்டில்ஸ் வேடத்தில் பீட்டில்ஸ் பாட்டுகளை வாசித்துக்கொண்டிருப்பார்கள். இவர்களை டிரிபியூட் பேண்ட் என்பார்கள். கேமராவோடு வருகிறவர்களில் பலர் முதலில் செய்வது, பாடுகிறவரின் முகத்தை நெருங்கிப்போய்ப் பளிச்சென்று எடுப்பது. அறைக்குத் திரும்பிப் பெரிதாக்கிப் பார்த்தால் கண்ணில் படுவது விக்தான். நெற்றியில் அது முடிகிற கோடும், அதற்குக் கீழே வியர்வையில் கரைந்த பவுடரும் தெளிவாகத் தெரியும்.

இந்த வேடக்காரர்கள் பழகிப் பழகி வசப்படுத்தியிருப்பது அசைவை. காலை அகட்டி, முழங்காலைத் துள்ளவிட்டு, கிட்டாரை நெஞ்சருகே ஏற்றிப் பிடித்து நிற்கிறாரே, அதில்தான் பீட்டில்ஸின் ஜான் லெனான் இருக்கிறார். ஆகவே சற்றுப் பின்வாங்கி முழு உருவத்தையும், தலைக்கு மேலே வளைவையும் சேர்த்து எடுங்கள். ஷட்டர் வேகத்தை, அதாவது கேமராவின் திரை திறந்து மூடும் நேரத்தை, எப்போதும் 1/250 வினாடியைவிட வேகமாகவே வைப்பதும் தவறு என்பேன். "ஊ" என்று தலையை உலுக்கும் இடத்தில் 1/60-க்கு இறக்கிப் பாருங்கள். பத்தில் எட்டு பாழாகும். மிஞ்சும் இரண்டில், அசைவின் மங்கலில் விக் நிஜ முடியாகிவிடும்.

அடுத்தது நிற்கும் இடம். பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி இடக்கைக்காரர். அதே குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் வலக்கைக்காரர். அவர்கள் வேடத்தில் இருக்கும் இருவரும் ஒரே மைக்கில் தலையை ஒட்டிப் பாடும்போது கிட்டார் கழுத்துகள் மோதிக்கொள்ளாமல், இறக்கை விரித்ததுபோல் இருபுறமும் நீளும். இந்தக் காட்சியை நேர் எதிரே நின்றுதான் எடுக்க வேண்டும். பக்கத்திலிருந்து எடுத்தால் ஒருவரை ஒருவர் மறைப்பார்கள். தனியாகப் பாடுகிறவருக்கு நேர்மாறு. எதிரே நின்றால் மைக் வாயை விழுங்கிவிடும், ஓரமாக நகர வேண்டும். மறந்தும் படத்தை இடவலம் திருப்பிவிடாதீர்கள். மெக்கார்ட்னி வேடத்துக்காகவே இடக்கையால் வாசிக்கக் கற்றுக்கொண்ட வலக்கைக்காரர்கள் உண்டு. அவ்வளவு உழைப்பும் ஒரு சொடுக்கில் போய்விடும்.

மேடையின் பின்சுவரில் வண்ணம் தீட்டிய செங்கற்களில் இசைக்குழுக்களின் பெயர்கள் எழுதப்பட்டிருக்கின்றன. தானியங்கி ஃபோகஸுக்கு அந்த எழுத்துகள் என்றால் உயிர். முகத்தை விட்டுவிட்டு அவற்றைப் பிடித்துக்கொள்ளும். ஃபோகஸுக்கு ஒற்றைப் புள்ளியைத் தேர்ந்தெடுத்து அதைக் கண்மேல் வையுங்கள். சிவப்பு விளக்கில் முகம் வெறும் சிவப்புத் திட்டாகும் என்பதால் கேமராவில் பதியும் வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து, பிறகு திருத்த இடம்தரும் ரா (RAW) வடிவத்தில் எடுப்பது நல்லது. சத்தம் வராத எலக்ட்ரானிக் ஷட்டர் இங்கே வேண்டவே வேண்டாம். எல்இடி விளக்கில் படம் முழுக்கப் பட்டை விழும். டிரம்ஸின் இரைச்சலில் உங்கள் ஷட்டர் சத்தம் யாருக்குக் கேட்கப்போகிறது? ஃபிளாஷ் கூடாது. அவ்வளவு தாழ்வான கூரையில் அது வாசிப்பவரின் கண்ணைக் கூசவைக்கும், வளைவின் நிழலழகையும் துடைத்துவிடும். அகலமாகத் திறக்கும் எஃப் 1.8 லென்ஸும், கேமராவின் ஒளியுணர்வு அளவான ஐ.எஸ்.ஓ. 3200-உம் போதும்.

குளிர்காலத்தில் தெருவிலிருந்து நேரே உள்ளே போய்க் கேமராவை எடுத்தால் லென்ஸ் வேர்த்துவிடும். இருபது நிமிடம் அது பையிலேயே இருக்கட்டும்.

இனி எனக்கு எரிச்சலூட்டும் விஷயம். படத்தைக் கருப்பு வெள்ளையாக்கி, பழைய ஃபிலிம் போலப் புள்ளி தூவி, "1962" என்று தோன்றச் செய்வது. 1957-இல் ஜாஸ் கிளப்பாகத் தொடங்கிய நிலவறை 1973-இல் மூடப்பட்டது. இன்று நாம் நிற்பது, பழைய இடத்தின் பெரும்பகுதியில், பழைய செங்கற்களில் சுமார் 15,000-ஐப் பயன்படுத்தி மீண்டும் கட்டி, 1984-இல் திறந்த கிளப். பீட்டில்ஸ் கடைசியாக கேவர்னில் வாசித்தது 1963 ஆகஸ்ட் 3 அன்று. 1967-இல் அவர்கள் அணிந்த பளபளக்கும் ராணுவச் சட்டையோடு மேடையேறும் குழுவைப் பழைய படம்போல ஆக்கினால், நடக்கவே நடக்காத கச்சேரிக்குச் சாட்சி தயாரித்ததாகிவிடும். சட்டையின் நிறத்தையும், முன்வரிசையில் உயர்ந்திருக்கும் கைப்பேசிகளையும் அப்படியே விடுங்கள். படத்தின் கீழே "ஜான், பால்" என்று எழுதாமல் அந்தக் குழுவின் பெயரையே எழுதுங்கள். இடைவேளையில் கேட்டால் சொல்வார்கள்.