சிரித்த முகம் உள்ளவர்களுக்கு ராமேஸ்வரத்தில் ஏற்ற வேலைகள்

"கலகலப்பான பிள்ளை, எதற்கும் பதறமாட்டாள், உங்கள் லாட்ஜில் வேலை இருந்தால் சொல்லுங்கள் அக்கா" என்று தங்கச்சிமடத்திலிருந்தும் பாம்பனிலிருந்தும் அடிக்கடி கேட்கிறார்கள். கோயிலுக்கு அருகில் ஒரு லாட்ஜின் ரிசப்ஷனைப் பார்த்துக்கொள்பவள் நான். அவர்களிடம் முதலில் கேட்பது ஒன்றுதான்: எந்த மனநிலையில் வருபவர்களை உங்களால் நாள் முழுக்கப் பார்க்க முடியும்?

லாட்ஜுக்கு வருபவர்களிடம் களைப்பும் அவசரமும் இருக்கும். அதிகாலை 5 மணி ஸ்படிக லிங்க தரிசனத்துக்குப் போக வேண்டும் என்று, இரவெல்லாம் ரயிலில் வந்த குடும்பம் 4 மணிக்கு வந்து நிற்கும். முந்தைய நாள் வந்தவர்கள் அறையைக் காலி செய்திருக்கமாட்டார்கள். அப்போது "ரூம் இல்லை" என்று தொடங்காதீர்கள். பெட்டிகளை எங்கே வைக்கலாம், குளியலறை எங்கே, டீ எங்கே கிடைக்கும் என்பதை முதலில் சொல்லுங்கள். பிறகு அறை தயாராகும் நேரத்தை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். 7 மணிக்குத் தயாராகும் என்று தோன்றினால் 7.30 என்று எழுதுங்கள். காத்திருப்பதைக்கூட மக்கள் பொறுத்துக்கொள்வார்கள். எவ்வளவு நேரம் என்று தெரியாமல் நிற்கும்போதுதான் குரல் உயரும்.

வட மாநில யாத்ரீகர்கள் ஏராளமாக வருவதால் எண்கள், நேரம், வலம், இடம் ஆகியவற்றை இந்தியில் கற்றுக்கொள்ளுங்கள். 22 தீர்த்தங்களிலும் நீராடிய பின் ஈரத்துணியோடு சுவாமி சன்னதிக்குப் போக முடியாது. உடை மாற்ற இடம் எங்கே என்று எல்லோரும் கேட்பார்கள். அதற்கு உடனே பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

ஓயாமல் பேசப் பிடித்தவர்களுக்கு வழிகாட்டி வேலை நல்லது. தொண்டி பக்கம் காரங்காட்டில் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகுச் சவாரி நடத்துகிறார்கள். அங்கே வருபவர்கள் மகிழ்ச்சியாக இருக்கவே வருகிறார்கள். தனுஷ்கோடி அப்படியல்ல. 1964 டிசம்பரில் புயல் ஊரை அழித்ததையும், பயணிகளோடு ரயிலைக் கடல் கொண்டுபோனதையும் சிரித்துக்கொண்டே சொன்னால் கேட்பவர்களுக்கு மனம் வலிக்கும். அக்னி தீர்த்தக் கரையில் கடை வைத்தாலும் இதே கதைதான். வாசலில் நிற்பவர் அப்பாவுக்குத் திதி கொடுத்துவிட்டு வந்தவராக இருக்கலாம். கலகலப்பு எனக்கு மிகவும் பிடித்த குணம். ஆனால் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தத் தெரிந்தவரையே நான் வேலைக்குப் பரிந்துரைப்பேன்.

மருந்துக் கடையிலும் மருத்துவமனைப் பதிவு கவுன்ட்டரிலும் பேச்சு குறைவு, பயந்தவர்கள் அதிகம். அமைதியானவர்களுக்கே அவை ஒத்துவரும்.

பதறாமல் இருப்பது வேறு, கோபத்தை விழுங்கிக்கொள்வது வேறு. பகலில் சிரித்துவிட்டு இரவில் தூக்கம் வராமல் புரள்பவர் என்றால் இந்த வேலைகள் வேண்டாம். சந்தேகமாக இருந்தால் தற்காலிக ஆளாகச் சேர்ந்து பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்த நாட்களில்தான் கோடை விடுமுறைக் கூட்டமும் வருகிறது. ஆடி அமாவாசையை ஒட்டியும் லாட்ஜ்களும் உணவகங்களும் கூடுதல் ஆள் தேடும்.

சேரும் முன் முதலாளியிடம் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: வாடிக்கையாளர் குறை சொன்னால் நானாக என்ன செய்து கொடுக்கலாம்? அறையைக் காலி செய்ய ஒரு மணி நேரம் கூடுதலாகத் தரலாமா, பணத்தைத் திருப்பித் தரலாமா? எந்த அதிகாரமும் இல்லாமல் உட்காருபவர் திட்டு வாங்க மட்டுமே உட்காருகிறார். எவ்வளவு பொறுமைசாலியும் அதில் நிலைக்கமாட்டார். வார விடுப்பு, இரவுப் பணி, பணி முடிந்து வீடு திரும்ப வண்டி ஆகியவற்றையும் பெண்கள் முன்கூட்டியே பேசிவிட வேண்டும்.

வேலை கேட்டுக் காலையில் போகாதீர்கள். அமாவாசை இல்லாத ஒரு வார நாளில், கோயில் நடை சாத்தியிருக்கும் மதியம் 1 மணிக்கும் 3 மணிக்கும் இடையில் போங்கள். மேலாளர் உட்காரவைத்துப் பேசுவார்.