ரேர், ஸ்கேர்ஸ், ஸ்போராடிக், எராடிக்: வேரைப் பிடித்துப் பொருள் பிரிப்பது எப்படி?

அகராதியைப் புரட்டினால் இந்த நான்கு ஆங்கிலச் சொற்களுக்கும் (rare, scarce, sporadic, erratic) ‘அரிய’, ‘எப்போதாவது’, ‘ஒழுங்கற்ற’ என்பவையே மாறி மாறி வரும். அதை மட்டும் மனப்பாடம் செய்தால் எழுதும்போது தடுமாறும். சொல்லின் வேரில் ஒரு காட்சி இருக்கிறது, அதைப் பிடியுங்கள்.

படி 1: எதைச் சொல்ல வருகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். எண்ணிக்கை குறைவா, நிகழும் நேரம் சிதறிக் கிடக்கிறதா, போக்கே நிலையில்லையா?

படி 2: எண்ணிக்கை என்றால் ரேர் அல்லது ஸ்கேர்ஸ். ரேர், ‘நெருக்கமில்லாத’ என்னும் பொருளுள்ள ‘ராருஸ்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. உயரமான மலையில் காற்று அடர்த்தி குறைவதை ‘ரேரிஃபைட்’ என்பதில் அந்தப் பழைய பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஸ்கேர்ஸின் லத்தீன் வேருக்குப் ‘பறித்தெடுத்தது’ என்று பொருள். தேவை இருந்தும் போதாதபோதுதான் அது பொருந்தும். ஒரு நோய் ரேர் ஆகலாம், ஸ்கேர்ஸ் ஆகாது; குடிநீர் ஸ்கேர்ஸ் ஆகும். நம் ‘அரிது’ என்பதில் கடினமும் மதிப்பும் சேர்ந்தே ஒலிப்பதால்தான் இங்கே பலரும் வழுக்குகிறார்கள்.

படி 3: நேரம் என்றால் ஸ்போராடிக்கா, இன்டர்மிட்டன்ட்டா (intermittent) என்று பாருங்கள். ஸ்போராடிக், ‘விதைத்தல்’ என்னும் கிரேக்க வேரிலிருந்து வந்தது. ஸ்போரும் (பூஞ்சை போன்றவற்றின் வித்து) டயஸ்போராவும் (தாயகம் விட்டுச் சிதறி வாழும் மக்கள்) அதன் உறவுகள். கை வீசித் தூவிய விதை எங்கெங்கோ விழும். கொள்ளைநோயாகப் பரவாமல் இங்கொன்றும் அங்கொன்றுமாக வரும் நோய்க்கு மருத்துவர்கள் இன்றும் சொல்வது இதைத்தான். இன்டர்மிட்டன்ட் விட்டுவிட்டு வருவது. ஒரே டியூப்லைட் அணைந்து அணைந்து எரிந்தால் இன்டர்மிட்டன்ட். ஊரின் வெவ்வேறு மூலைகளில், வெவ்வேறு நாளில் மோதல் வெடித்தால் ஸ்போராடிக்.

படி 4: நிகழ்வது நின்றுவிடவில்லை, ஆனால் தடம் மாறுகிறது என்றால் எராடிக். லத்தீன் ‘எர்ராரே’ என்றால் அலைதல். பிழை என்னும் பொருளுள்ள ‘எரர்’ என்பதும் வழி தவறியதே. பனியாறு சுமந்துவந்து வேற்று நிலத்தில் விட்டுப்போன பாறைக்கும் புவியியலில் எராடிக் என்றே பெயர். சீரில்லாமல் துடிக்கும் நாடி எராடிக். அதை ஸ்போராடிக் என்றால் நாடி எப்போதாவதுதான் துடிக்கிறது என்றாகிவிடும்.

படி 5: போக்கு மாறுவது மனம்போன போக்கில் என்றால் கேப்ரிஷியஸ் (capricious). மனிதருக்கும், மனம் இருப்பதுபோலப் பேசும் விதிக்கும் வானிலைக்கும் அது பொருந்தும். பழுதான மின்மானிக்கு எராடிக் போதும்.

இதேபோல் பொருள் பிரிக்காமல் தடுமாறும் இன்னொரு சொல்: ‘ஃபார்ச்சுயிட்டஸ்’ (fortuitous) என்பதை ‘அதிர்ஷ்டமான’ என்று எழுதுவது அடிக்கடி கண்ணில் படும் பிழை. அதன் அடிப்படைப் பொருள் ‘தற்செயலான’ என்பதே. அப்படி நேர்ந்தது கெடுதலாகவும் இருக்கலாம்.