முன்னோட்டக் காட்சியில் பார்வையாளரைக் கவனிப்பது எப்படி?

பழங்கதை ஒன்றை இசை நாடகமாக்கிச் சேலத்தில் மேடையேற்றும் குழுவினர், முறையான அரங்கேற்றத்துக்கு முன் சில முன்னோட்டக் காட்சிகளையாவது நடத்த வேண்டும். அவற்றுக்கு உறவினர்களையும் நண்பர்களையும் மட்டும் அழைத்தால் கைதட்டல் கிடைக்குமே தவிர உண்மை கிடைக்காது. விடிய விடியத் தெருக்கூத்து பார்த்துப் பழகிய ஊர்ப்புறப் பெரியவர்களையும், கதையே அறியாத கல்லூரி மாணவர்களையும் ஒரே காட்சிக்கு அழையுங்கள்.

குறிப்பெடுப்பவர் மேடையைப் பார்க்காமல் அரங்கைப் பார்க்க வேண்டும். எந்தச் சரணத்தில் நாற்காலிகள் அசைந்தன, எங்கே கைப்பேசி வெளிச்சம் தெரிந்தது, எந்த வரியில் இருமல்கூட நின்றுபோனது என்பவற்றை நேரத்தோடு எழுதுங்கள். பின்னர் சொல்லப்படும் பாராட்டைவிட இக்குறிப்புகளையே நான் நம்புவேன்.

காட்சி முடிந்ததும், “பிடித்ததா?” என்று கேட்காதீர்கள், “நாயகி ஏன் ஊரைவிட்டுப் போனாள்?” என்று கேளுங்கள். பதில் தவறினால், கதையைச் சொல்ல வேண்டிய பாடல் அந்த வேலையைச் செய்யவில்லை என்று பொருள். பாடல் வரிகள் வாத்திய ஓசையில் மூழ்கினவா என்பதைக் கடைசி வரிசையினரிடம் விசாரியுங்கள்.

குறை சொல்வோர் தரும் தீர்வை அப்படியே ஏற்கத் தேவையில்லை. கோளாறு பெரும்பாலும் அவர்கள் சுட்டும் இடத்துக்கு முன்னதாகவே தொடங்கியிருக்கும். 1962-இல் நியூயார்க்கின் பிராட்வே நாடக அரங்குகளுக்கு வந்த ஒரு நகைச்சுவை இசை நாடகம், வாஷிங்டன் முன்னோட்டங்களில் சிரிப்பை எழுப்பத் தவறியபோது, தொடக்கப் பாடலை மாற்றி, இது நகைச்சுவை என்று முதலிலேயே அறிவித்த பிறகே அரங்கம் இசைந்தது. மாற்றங்களை ஒரே நாளில் குவிக்காமல் ஒன்றிரண்டாகச் செய்து, அடுத்த காட்சியில் அதே இடத்தில் பார்வையாளர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பழைய குறிப்போடு ஒப்பிடுங்கள்.