கல் வருமுன்னே கட்டி முடிந்த சுவர்: செயற்றிட்ட முகாமைத்துவம் கற்பிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொறியியல் மாணவர்களுக்குச் செயற்றிட்ட முகாமைத்துவம் சொல்லிக்கொடுக்கப் புதிதாக வருகிற விரிவுரையாளர்கள், முன்னே போனவர்கள் விழுந்த அதே குழியில்தான் வரிசையாக விழுகிறார்கள். சிலைட்டைப் பார்த்து வாசிப்பது, ஒப்படையைப் பிந்தித் திருத்துவது போன்றவற்றை இங்கே பேசவில்லை. அவை இரண்டு தவணையில் தாமாகவே சரியாகிவிடும். சரியாகாமல் மாணவனோடு சைட் வரைக்கும் போகிற பிழைகள் வேறு.

முதல் வகுப்பிலேயே மென்பொருளைத் திறப்பது

எல்லாவற்றிலும் விலை கூடிய பிழை இதுதான். எத்தனை தடவை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடப்பதால் எரிச்சலும் கூடத்தான் வருகிறது.

மைக்ரோசொப்ட் புரொஜெக்டைத் திறந்து, வேலைகளை வரிசையாக எழுதச் சொல்லி, தொடங்கும் நாளையும் முடியும் நாளையும் நிரப்பச் சொன்னால் அரை மணித்தியாலத்தில் நீலப் பட்டைகள் படியிறங்கிவிடும். மாணவருக்கும் சந்தோஷம், ஆசிரியருக்கும் சந்தோஷம். ஆனால் அங்கே இருப்பது திட்டம் இல்லை, பட்டை போட்ட நாட்காட்டி. ஒரு வேலை ஏன் அந்த நாளில் தொடங்குகிறது என்று கேட்டால் படத்தில் பதில் கிடையாது. மாணவன் அந்தத் திகதியைத் தட்டினான், அவ்வளவுதான்.

சின்ன உதாரணம் ஒன்று. ஹட்டன் பக்கம் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான ஒரு லயனுக்குப் பின்னால் கருங்கல்லில் மண் தாங்கு சுவர் கட்ட வேண்டும். அளந்து குறிக்க 2 நாள். மண் வெட்ட 5 நாள். அத்திவாரக் கொங்கிறீட் 1 நாள், அது இறுக 3 நாள். கல் கட்டு 10 நாள். பின்பக்கம் வடிகாலும் மண் நிரப்பலும் 4 நாள். இவற்றோடு கல்லுக்குச் சொல்லி லொறியில் வந்து இறங்க 8 நாள். எவ்வளவு கல் வேண்டும் என்பது அளந்த பிறகுதான் தெரியும் என்பதால் 2ஆம் நாள் முடிவில்தான் சொல்லலாம்.

கையால் கூட்டிப் பாருங்கள். மண் வெட்டி முடிய 7, கொங்கிறீட் போட 8, இறுக 11. கல் வந்து சேர்வது 10. இரண்டில் பிந்தியது 11 என்பதால் கல் கட்டு அதற்குப் பிறகு தொடங்கி 21இல் முடியும். மண் நிரப்பலோடு மொத்தம் 25 நாள். கல் வருவதற்கு ஒரே ஒரு நாள்தான் கைவசம் இருக்கிறது.

இப்போது கினிகத்தேனைப் பக்கம் பாதையில் மண் சரிந்து லொறி 3 நாள் பிந்துகிறது என்று வையுங்கள். கல் 13ஆம் நாள்தான் வரும். கைவசமிருந்த ஒரு நாள் போக மிச்ச 2 நாள் முழு வேலையையும் தள்ளும்: 27 நாள். எந்த வேலைக்குப் பிறகு எது என்று இணைத்துக் காட்டும் வலையமைப்பை வரைந்த மாணவன் இதை ஒரு நிமிடத்தில் சொல்வான். திகதி தட்டிய மாணவனின் கோப்பில் கல் வரும் பட்டை மட்டும் நீளும், மற்றவை அசையாது. கல் 13ஆம் நாள் வருகிறது, சுவரோ 12ஆம் நாளே எழும்பத் தொடங்கிவிட்டது. அந்தக் கோப்பை அச்சடித்து, சுருள் கம்பி போட்டுக் கட்டி, புள்ளிக்குக் கொடுக்கிறார்கள். சில இடங்களில் புள்ளியும் கிடைக்கிறது!

ஏன் அசைவதில்லை? முதற்காரணம், முன்வேலையைக் குறிக்கும் நிரல் வெறுமையாக இருக்கிறது. ஒரு வேலைக்கும் இன்னொன்றுக்கும் சொந்தம் இருப்பதாக மென்பொருளுக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டாவது, 2010ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து புதிதாக எழுதும் வேலைகள் கையால் திட்டமிடும் நிலையிலேயே விழுகின்றன. அந்த நிலையில் முன்வேலை பிந்தினாலும் இது இருந்த இடத்திலேயே இருக்கும். திகதிக்குக் கீழே ஒரு நெளிகோடு மட்டும் வரும், அதை யாரும் பார்ப்பதில்லை. மூன்றாவது, தானாகத் திட்டமிடும் நிலைக்கு மாற்றிய பிறகும் தொடக்கத் திகதியைத் தட்டினால் 'இந்த நாளுக்கு முன் தொடங்காதே' என்ற கட்டுப்பாடு சத்தமில்லாமல் ஏறிவிடும். முன்வேலை பிந்தினால் அது தள்ளப்படும், ஆனால் முன்வேலை சீக்கிரம் முடிந்தாலும் முன்னுக்கு வராது. மாணவரின் கோப்பில் இடதுபக்கக் குறியீட்டு நிரலைப் பாருங்கள். சின்ன நாட்காட்டிப் படம் வரிசையாக இருந்தால் எல்லாம் கையால் தட்டிய திகதிகள். வாடிக்கையாளர் சொன்ன கடைசித் திகதியை இப்படித் தட்டக் கூடாது. அதற்கென்று தனிக் கட்டம் இருக்கிறது, அங்கே போட்டால் பச்சை அம்பாகத் தெரியும், கணக்கைக் குழப்பாது.

வேலைகளை இணைத்து நாள் கணக்கிடும் இந்த முறைகள் மென்பொருளுக்கு முந்தியவை. மொத்த நாளைத் தீர்மானிக்கும் வேலைத் தொடரைக் காட்டும் கிரிட்டிக்கல் பாத் 1957ஐ ஒட்டி டுபோன்ட் நிறுவனத்தின் இரசாயனத் தொழிற்சாலை வேலைகளுக்காகவும், ஒரு வேலையின் நாளை மூன்று மதிப்பீட்டால் கணக்கிடும் பேர்ட் 1958இல் அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காகவும் உருவானவை. கடதாசியில் செய்யக்கூடியதைக் கடதாசியிலேயே தொடங்குங்கள்.

முதல் இரண்டு வகுப்பு இப்படிப் போகட்டும். கணினி மூடியே இருக்க வேண்டும். தபாலட்டை அளவில் அட்டை வெட்டிக் கொடுங்கள், ஓர் அட்டையில் ஒரு வேலை. 20 அட்டைக்குக் குறைந்தால் வேலையை இன்னும் உடைக்கவில்லை, 40க்கு மேல் போனால் முதல் பயிற்சிக்கு அது கூட. 'அத்திவாரம்' என்று எழுதினால் திருப்பிக் கொடுங்கள். 'அத்திவாரத்துக்கு மண் வெட்டுதல்' என்று வினையோடு வர வேண்டும். அட்டைகளை நிலத்தில் பரப்பி, ஒவ்வொன்றையும் காட்டி ஒரே கேள்வி கேளுங்கள்: 'இதைத் தொடங்க எது முடிந்திருக்க வேணும்?' நூலால் இணைத்த பிறகுதான் நாள் எழுதலாம். முன்னோக்கிக் கூட்டுவது, பின்னோக்கிக் கழிப்பது, கைவசம் உள்ள நாளைக் காண்பது எல்லாம் கையால். மூன்றாம் வகுப்பில் மென்பொருள் வரட்டும். அதில் வரும் மொத்த நாள் நிலத்தில் கண்ட மொத்த நாளோடு ஒத்துப்போகாவிட்டால் எந்த இணைப்பு விடுபட்டது என்று அவர்களே தேடட்டும்.

நாட்காட்டியை அப்படியே விடுவது

மென்பொருளின் இயல்பு நாட்காட்டி திங்கள் முதல் வெள்ளி வரை. நம் சைட்டுகள் சனிக்கிழமையும் ஓடும். மேலே கண்ட 25 நாள் அந்த நாட்காட்டியில் ஐந்து கிழமை, ஆறு நாள் வேலை என்றால் நான்கு கிழமையும் ஒரு நாளும். மாதந்தோறும் போயா விடுமுறையைக் கழிக்க வேண்டும். சித்திரைப் புத்தாண்டுக்கு ஊருக்குப் போன மேசன் பாஸ் 15ஆம் திகதியே திரும்பி வரமாட்டார். தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு அந்தத் தோட்டத்து ஆட்கள் வேலைக்கு வரமாட்டார்கள், இதைக் கங்காணியிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இன்னொன்று: கொங்கிறீட் இறுகுவதற்கு ஞாயிறும் இல்லை, போயாவும் இல்லை. அந்த 3 நாளை வேலை நாளாகப் போடாமல் கடந்துபோகும் நாளாகப் போட வேண்டும். நாளுக்கான 'டி' (d) எழுத்துக்கு முன்னால் 'ஈ' (e) எழுத்தைச் சேர்த்தால் போதும்.

மலைநாட்டுக்கெல்லாம் ஒரே மழை

வட்டவளை, ஹட்டன் பக்கத்து மேற்குச் சரிவுகளை மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை அடிக்கும். பதுளை, ஊவாப் பக்கத்துக்கு டிசெம்பர் முதல் பெப்ரவரி வரையான வடகீழ்ப் பருவம் முக்கியம். மாணவர்கள் இந்த இரண்டையும் அட்டவணையில் போட்டுவிட்டு ஒக்டோபரை வெறுமையாக விடுகிறார்கள். கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தது 2014 ஒக்டோபர் 29. இரண்டு பருவங்களுக்கும் இடைப்பட்ட ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பின்னேரத்து இடிமழை பொதுவாகவே கடுமை.

பேர்ட்டின் மூன்று மதிப்பீட்டுக் கணக்கிலும் இந்த மழை தெரிய வேண்டும். மண் வெட்ட நல்லபடி போனால் 4 நாள், வழமையாக 5, மோசமானால் 12 என்றால், 4உடன் நான்கு தடவை 5ஐயும் 12ஐயும் கூட்டி ஆறால் வகுக்க 6 நாள் வரும். மாணவர்கள் மோசமான அளவாக 6 அல்லது 7தான் போடுவார்கள், விடையை அழகாக வைத்திருப்பதற்காக. எந்த மாதம், எந்தச் சரிவு என்று கேட்காமல் அந்த எண்ணை ஏற்காதீர்கள்.

இடர்ப் பட்டியலில் 'மழை' என்று ஒற்றைச் சொல்

திருப்பிக் கொடுங்கள். 'செம்மஞ்சள் எச்சரிக்கை வந்தால் வெட்டிய குழியிலிருந்து ஆட்களை எடுப்பது, பொறுப்பு: சைட் மேற்பார்வையாளர்' என்று வர வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று நிலையில் கொடுக்கிறது. எந்த நிறத்துக்கு என்ன செய்வது என்பதை எழுதினாலே பட்டியல் பாதி சரியாகும்.

வேலைத்தளத்து வேலிக்கு வெளியே இருக்கிறவர்களையும் எழுத வையுங்கள். உமா ஓயாத் திட்டத்தின் சுரங்கத்துக்குள் நீர் கசிந்தபோது பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகள் வற்றின, வீடுகளில் வெடிப்பு விழுந்தது. அந்த வீட்டுக்காரர்கள் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போட்டவர்கள் இல்லை.

'எத்தனை வீதம் முடிந்தது?' என்று கேட்பது

கேட்காதீர்கள். மாணவன் 90 என்பான். வேலை தொடங்கினால் 50 வீதம், முழுதாக முடிந்தால் மட்டும் 100 என்று கணக்கிடுங்கள், இடையில் ஒன்றுமில்லை.

ஃப்ளோட்டை 'மிதப்பு' என்று பெயர்ப்பது

ஃப்ளோட் என்பது முழு வேலையையும் தள்ளாமல் ஒரு வேலை பிந்தக்கூடிய நாள். பரீட்சை ஆங்கிலத்தில் என்பதால் சொல்லைப் பாடமாக்கிவிடுவார்கள், பொருள் பிடிபடாது. 'மிதப்பு' என்றால் இன்னும் குழப்பம். 'கைவசம் உள்ள நாள்' என்று சொல்லிப் பாருங்கள், யாருடைய கைவசம் என்ற கேள்வி தானாக வரும். முன்வேலைக்காரன் செலவழித்துவிட்டால் பின்வேலைக்காரனுக்கு இல்லை என்பதும் அப்போதுதான் உறைக்கும்.

குழுவுக்கு ஒரே புள்ளி

ஐந்து பேர் குழுவில் கோப்பைச் செய்தவர் பெரும்பாலும் ஒருவர். ஒவ்வொருவரையும் தனியே கூப்பிட்டு, கோப்பில் ஒரு வேலையை 3 நாள் நீட்டி, முடிவுத் திகதி என்னவாகும் என்று திரையைப் பார்க்காமல் சொல்லச் சொல்லுங்கள். ஆளுக்கு ஐந்து நிமிடம் போதும். கைவசம் நாள் உள்ள வேலை ஒன்றையும் இல்லாத வேலை ஒன்றையும் மாறி மாறிக் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் 'மூன்று நாள் தள்ளும்' என்று சொல்கிறவனை மறுபடி அட்டைக்கு அனுப்புங்கள்.