கீழே கிடந்த செல்போன்: உரியவர் கையில் சேர்ப்பது எப்படி?

பேருந்து இருக்கை இடுக்கில், டீக்கடை பெஞ்சில், ஏ.டி.எம். மெஷின் மேல் என்று எங்காவது ஒரு போன் கிடக்கிறது. எடுத்துக் கொடுக்க நினைக்கும் நல்ல மனிதர்கள் முதலில் செய்யும் காரியம் அதைச் சுவிட்ச் ஆஃப் செய்வது. சார்ஜ் தீர்ந்துவிடக் கூடாதே என்ற அக்கறைதான். ஆனால் அணைத்த போனுக்கு யாரும் அழைக்க முடியாது. தொலைத்தவர் இந்நேரம் பக்கத்தில் இருப்பவரிடம் போன் வாங்கித் தன் எண்ணுக்கு அடித்துக்கொண்டிருப்பார். அவரைத் தேடி நீங்கள் அலைய வேண்டியதில்லை. அந்த அழைப்பு வந்து சேரும்வரை போனை உயிரோடு வைத்திருந்தாலே பாதி வேலை முடிந்தது. கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

படி 1: எடுத்த இடத்திலேயே கொஞ்சம் நில்லுங்கள்

பத்து நிமிடம் போதும். பையைத் தடவிப் பார்த்துவிட்டு அரக்கப் பரக்கத் திரும்பி வருகிறவர்கள் நிறைய. கூட்டத்தில் போனை உயர்த்திக் காட்டி "இது யாரோடது?" என்று கேட்காதீர்கள், நாலு பேர் "என்னோடது" என்பார்கள். பக்கத்துக் கடைக்காரரிடம் உங்கள் எண்ணை எழுதிக் கொடுத்து, "போனைத் தேடிக்கிட்டு யாராவது வந்தா இந்த நம்பருக்கு அடிக்கச் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லுங்கள். என்ன போன், என்ன நிறம் என்பதைக் கடைக்காரரிடம்கூடச் சொல்ல வேண்டாம். பின்னால் ஆளைச் சரிபார்க்க அந்த விவரம் உங்களிடம் மட்டுமே இருக்க வேண்டும்.

தெருவில் கிடந்தால் நீங்கள் வைத்திருக்கலாம். ஒரு நிர்வாகத்தின் கட்டுப்பாட்டில் உள்ள இடமென்றால் அங்கேயே ஒப்படைப்பதுதான் சரி, ஏனென்றால் தொலைத்தவர் முதலில் விசாரிக்க வருவது அங்கேதான். அரசுப் பேருந்து என்றால் நடத்துநரிடம் கொடுத்து, வண்டி எண், தடம், எந்த டெப்போ என்று மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ரயில் என்றால் ஆர்.பி.எஃப். எனும் ரயில்வே பாதுகாப்புப் படை அல்லது நிலைய மேலாளர் அலுவலகம். ஓடும் ரயிலில் ரயில்வே உதவி எண் 139க்கு அழைக்கலாம். விமான நிலையத்தில் சி.ஐ.எஸ்.எஃப். எனும் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படைக் காவலர்கள். மெட்ரோ, மால், கோயில் எல்லாவற்றுக்கும் அலுவலகம் உண்டு. எங்கே கொடுத்தாலும் வாங்கியவர் பெயரும் நேரமும் உங்களிடம் இருக்கட்டும்.

படி 2: போன் உயிரோடு இருக்கிறதா?

திரையைத் தொட்டுப் பாருங்கள். மேல் ஓரத்தில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்: சார்ஜ், டவர், விமானக் குறி. விமானக் குறி இருந்தால் பாக்கெட்டில் அழுந்தி ஏரோபிளேன் மோடுக்குப் போயிருக்கிறது என்று அர்த்தம். சில போன்களில் லாக் திரையிலேயே மேலிருந்து கீழே இழுத்து அதை நீக்கிவிடலாம்.

சார்ஜ் குறைவாக இருந்தால் உடனே ஏற்றுங்கள். இப்போது வரும் ஆண்ட்ராய்டு போன்களுக்கும் 2023இல் வந்த ஐபோன் 15 முதலான மாடல்களுக்கும் டைப்-சி வயர். அதற்கு முந்தைய ஐபோன்களுக்கு லைட்னிங். பழைய ஆண்ட்ராய்டுக்கும் பட்டன் போன்கள் பலவற்றுக்கும் மைக்ரோ யூ.எஸ்.பி. சைலண்டில் இருக்கலாம் என்பதால் திரை மேலே தெரியும்படி கண்ணெதிரே வையுங்கள், பைக்குள் வேண்டாம்.

தானாக அணைந்து போன போனைச் சார்ஜ் ஏற்றி எழுப்பினால் ஒரு வித்தியாசம் தெரியும். உரியவர் ஒருமுறை பின் நம்பர் (PIN) போட்டுத் திறக்கும்வரை, வரும் அழைப்பில் பெயர் தெரியாமல் வெறும் எண் மட்டும் தெரியலாம், வைஃபையும் இணையாமல் போகலாம். போன் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். சிம்முக்குத் தனியாகப் பின் வைத்திருந்தால் மட்டும் டவரே கிடைக்காது. அப்போது நேராகப் படி 6க்குப் போய்விடுங்கள்.

நனைந்த போன் மட்டும் விதிவிலக்கு. மழைநீரிலோ சாக்கடையிலோ கிடந்ததென்றால் அணைத்துவிடுங்கள், சார்ஜில் போடவே கூடாது. துணியால் துடைத்து, சார்ஜ் துளை கீழ்நோக்கி இருக்கும்படி காற்றோட்டமாக வையுங்கள். அரிசிப் பானைக்குள் புதைப்பதால் பயனில்லை, மாவும் தூசியும் துளைக்குள் போவதுதான் மிச்சம்.

செய்யக் கூடாத வேலைகளில் முதலாவது சிம்மைக் கழற்றுவது. கழற்றினால் அழைப்பு வரும் வழி அடைபட்டுவிடும். அதைவிட மோசம், "வேலை செய்யுதான்னு பாப்போம்" என்று உங்கள் சிம்மை அந்தப் போனில் போடுவது. ஒவ்வொரு போனுக்கும் ஐ.எம்.இ.ஐ. என்ற 15 இலக்க அடையாள எண் இருக்கிறது. போன் டவரில் இணையும்போது எந்த சிம் எந்தப் போனில் இருக்கிறது என்பது தொலைத்தொடர்பு நிறுவனத்தில் பதிவாகும். உரியவர் ஏற்கெனவே புகார் கொடுத்திருந்தால், காவல்துறைக்குப் போகும் தகவலில் இருப்பது உங்கள் எண்தான்.

லாக்கை ஊகித்துப் போட்டுப் பார்ப்பதும் வேண்டாம். தவறான பின் ஏற ஏறக் காத்திருக்கும் நேரம் நீளும். சில ஐபோன்களில் பத்துத் தவறுக்குப் பிறகு எல்லாம் அழியும்படி உரியவர் அமைத்திருப்பார். பவர் பட்டனைப் படபடவென்று அழுத்தாதீர்கள். இந்தியாவில் விற்கும் பல ஸ்மார்ட்போன்களில் மூன்று முறை அழுத்தினால் அவசர உதவி எண்ணான 112க்கு அழைப்பு போய்விடும்.

படி 3: லாக் திரையே பேசும்

பூட்டியிருக்கும் போனில் நுழையாமலேயே உரியவரின் ஆட்களைப் பிடிக்க வழி இருக்கிறது. லாக் திரையில் எமர்ஜென்சி என்ற எழுத்தைத் தொடுங்கள். ஆண்ட்ராய்டு என்றால் அவசரகாலத் தகவல், ஐபோன் என்றால் மெடிக்கல் ஐடி என்று ஒரு பக்கம் திறக்கும். உரியவர் நிரப்பி வைத்திருந்தால் பெயர், ரத்த வகை, நெருங்கியவர்கள் எண் எல்லாம் இருக்கும், அங்கிருந்தே அழைக்கலாம். பெரும்பாலானவர்கள் நிரப்பியிருப்பதில்லை என்பது வேறு கதை. (இதைப் படித்த கையோடு உங்கள் போனில் நிரப்பி வையுங்கள்.)

திரையில் திடீரென்று ஒரு செய்தியும் எண்ணும் தோன்றினால், உரியவர் வேறு போனிலிருந்தோ கணினியிலிருந்தோ அனுப்பியது அது. கூகுளின் ஃபைண்ட் ஹப், ஆப்பிளின் லாஸ்ட் மோடு இரண்டும் இந்த வசதியைத் தருகின்றன. அந்த எண்ணுக்கு அழையுங்கள். சைலண்டில் இருக்கும் போன் முழுச் சத்தத்தில் அலற ஆரம்பித்தாலும் பயந்து தூக்கிப் போட வேண்டாம். உரியவர் ஒலிக்க விட்டிருக்கிறார். ஆண்ட்ராய்டில் அது ஐந்து நிமிடம்வரை அடிக்கும், பவர் பட்டனை ஒரு தரம் அழுத்தினால் நின்றுவிடும்.

லாக்கே இல்லாத போன் கிடைத்தால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். அழைப்புப் பட்டியல் மட்டும் போதும். கேலரி, வாட்ஸ்அப், ஜிபே பக்கம் போகவே கூடாது. அம்மா, வீடு, மகன் என்று சேமித்த எண்ணைத் தேடி ஒருமுறை அழையுங்கள். வயதானவர்களின் பட்டன் போன் என்றால் பச்சைப் பட்டனை அழுத்தினாலே கடைசியாகப் பேசியவர்கள் வரிசை வந்துவிடும். கீபேட் பூட்டியிருந்தால் பெரும்பாலும் மெனு பட்டனும் நட்சத்திரக் குறியும் திறக்கும். நட்சத்திரத்தைச் சற்றுநேரம் அழுத்திப் பிடிக்க வேண்டிய போன்களும் உண்டு. பெரியவர்களுக்குத் தங்கள் எண்ணே மனப்பாடமாக இருக்காது என்பதால், அவர்கள் திரும்ப அழைப்பார்கள் என்று காத்திருக்காமல் நீங்களே அழைப்பது நல்லது.

படி 4: அழைப்பு வந்தால் எப்படிப் பேசுவது

திரையில் "அம்மா" என்று வருகிறது. எடுத்தவுடன் அறிமுகமில்லாத குரல் கேட்டால் அந்த அம்மாவுக்கு உயிரே போய்விடும், பிள்ளைக்கு விபத்து என்றுதான் நினைப்பார். அதனால் முதல் வாக்கியத்திலேயே பயத்தைத் தீர்த்துவிடுங்கள்:

"அம்மா, பயப்படாதீங்க, ஒண்ணுமில்ல. இந்த போனை யாரோ தவற விட்டுட்டாங்க, என்கிட்ட பத்திரமா இருக்கு. இது உங்க பையனோடதா? அவரை இதே நம்பருக்கு அடிக்கச் சொல்லுங்க."

"நான்தான் போனைத் தொலைச்சேன்" என்று ஒருவர் அழைத்தால், எங்கே கிடைத்தது என்பதை நீங்களாகச் சொல்லாதீர்கள். அவரைச் சொல்ல விடுங்கள். எங்கே, எத்தனை மணிக்கு, பின்கவர் எப்படி, உள்ளே ஏதாவது செருகியிருக்கிறதா, கண்ணாடி எந்த மூலையில் விரிந்திருக்கிறது? உண்மையான உரியவர் கவருக்குள் மடித்து வைத்த நூறு ரூபாய் நோட்டுவரை சொல்வார்.

ஒரு எச்சரிக்கை. "ஒரு ஓ.டி.பி. வரும், அதை மட்டும் படிச்சுச் சொல்லுங்க" என்று யார் கேட்டாலும், அழுதாலும், சொல்லாதீர்கள். பேசுவது உரியவர்தானா என்பது போன் வழியாக உங்களுக்குத் தெரியாது. வங்கிக் கணக்கைக் காலி செய்ய ஒரு ஓ.டி.பி. போதும். "போன் கைக்கு வந்ததும் நீங்களே பாத்துக்கலாம்" என்று சொல்லி நிறுத்திவிடுங்கள்.

முகநூலிலோ வாட்ஸ்அப் குழுவிலோ போட நினைத்தால், ஊரையும் தேதியையும் மட்டும் போடுங்கள். போனின் படத்தைப் போட்டால் அடையாளம் கேட்டுச் சரிபார்க்கும் வாய்ப்பு உங்கள் கையைவிட்டுப் போய்விடும். லாக் திரைப் படத்தில் யாரோ ஒருவர் வீட்டுக் குழந்தையின் முகமும் இருக்கும்.

படி 5: ஒப்படைப்பு

வீட்டு முகவரி கொடுக்க வேண்டாம். பேருந்து நிலைய நேரக் காப்பாளர் அறை, தெரிந்த கடை, காவல் நிலைய வாசல் போல ஆள் நடமாட்டம் உள்ள இடமாகச் சொல்லுங்கள். வந்தவரிடம் போனைக் கொடுத்து அங்கேயே திறக்கச் சொல்லுங்கள். கைரேகை வைத்தோ பின் போட்டோ திறந்து, அதிலிருந்து உங்கள் எண்ணுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்கட்டும். இதைவிட நல்ல சாட்சி இல்லை, ஒப்படைத்த நேரமும் உங்கள் போனில் பதிவாகிவிடும்.

திரை உடைந்து திறக்க முடியாவிட்டால் போன் வாங்கிய பில்லையோ அட்டைப் பெட்டியையோ கொண்டுவரச் சொல்லுங்கள். அதிலுள்ள ஐ.எம்.இ.ஐ. எண், சில போன்களின் பின்புறத்திலோ சிம் தட்டிலோ பொறித்திருக்கும் எண்ணோடு பொருந்த வேண்டும். ஒரு இலக்கம் மாறினாலும் கொடுக்காதீர்கள். இரட்டை சிம் போனுக்கு இரண்டு எண்கள் இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

சன்மானம்? தருவதாக அவரே அறிவித்திருந்தால் அதைக் கேட்டுப் பெற 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 168 உங்களுக்கு உரிமை தருகிறது. அறிவிக்காதபோது "இவ்வளவு கொடுத்தால்தான் போன்" என்று பேரம் பேசுவது அசிங்கம், புகாராகவும் மாறலாம்.

படி 6: யாருமே அழைக்கவில்லை

ஒருநாள் முழுக்க அழைப்பே வரவில்லை என்றால் அலட்சியம் காரணமாக இருக்காது. தொலைத்தவர் டூப்ளிகேட் சிம் வாங்கியிருப்பார்; வாங்கிய உடன் உங்கள் கையிலுள்ள பழைய சிம் செத்துவிடும். அல்லது சஞ்சார் சாத்தி தளத்தில் பதிந்து போனையே முடக்கியிருப்பார். 2023 மே மாதம் நாடு முழுவதும் அறிமுகமான அரசுத் தளம் அது. முடக்கிய போன் இந்தியாவின் எந்த நெட்வொர்க்கிலும் வேலை செய்யாது.

முடக்கப்பட்டிருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். சில போன்களில் எமர்ஜென்சி டயல் பக்கத்தில் *#06# அடித்தால் ஐ.எம்.இ.ஐ. எண் தெரியும். உங்கள் போனிலிருந்து ஆங்கிலத்தில் கே, ஒய், எம் என்ற மூன்று எழுத்துகளும் ஒரு இடைவெளியும் அந்த 15 இலக்கமும் அடித்து 14422க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். கறுப்புப் பட்டியலில் இருப்பதாகப் பதில் வந்தால், காவல் நிலையத்தில் புகார் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு அன்றே கொண்டுபோய்க் கொடுங்கள். வராவிட்டாலும் மறுநாளைத் தாண்ட வேண்டாம்.

கண்டெடுத்த இடம் எந்தக் காவல் நிலைய எல்லைக்குள் வருகிறதோ அங்கே போங்கள். வெள்ளைத் தாளில் இரண்டு பிரதி எழுதுங்கள்: தேதி, நேரம், இடம், போனின் நிறுவனம், மாடல், நிறம், கீறல் உடைசல், சிம் இருக்கிறதா, தெரிந்தால் ஐ.எம்.இ.ஐ., உங்கள் பெயர், எண். ஒன்றில் நிலைய முத்திரையும் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளாமல் வெளியே வராதீர்கள். "இதெல்லாம் எதுக்கு, வச்சிட்டுப் போங்க" என்று சொல்லலாம். பணிவாக, ஆனால் விடாமல் கேளுங்கள்.

வைத்துக்கொண்டால் என்ன ஆகும்?

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 314, பிறர் பொருளை நேர்மையற்ற முறையில் தனதாக்கிக்கொள்வதைக் குற்றமாக்குகிறது. ஆறு மாதத்துக்குக் குறையாமல், இரண்டு ஆண்டுவரை சிறையும் அபராதமும் உண்டு. திருப்பிக் கொடுக்கும் எண்ணத்தில் எடுத்து வைத்திருப்பது குற்றமல்ல. உரியவரைத் தேட நியாயமான முயற்சி எடுக்காமல் பயன்படுத்தத் தொடங்கும்போதுதான் குற்றமாகிறது. "நான் திருடலையே, கீழே கெடந்துச்சு" என்ற வாதம் எடுபடாது. கடையில் கொடுத்து ஐ.எம்.இ.ஐ. எண்ணை மாற்றினால் 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி மூன்று ஆண்டுவரை சிறை, 50 லட்சம் ரூபாய்வரை அபராதம். முழுதாக அழித்துவிட்டு வைத்துக்கொள்வதும் நடக்காது, இப்போதைய போன்கள் திறக்கும்போது உரியவரின் பழைய கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கின் கடவுச்சொல்லைத்தான் கேட்கும்.

போனைத் திரும்ப வாங்குபவரிடம் இரண்டு விஷயம் சொல்லி அனுப்புங்கள். டூப்ளிகேட் சிம் வாங்கியிருந்தால் போனுக்குள் இருக்கும் பழைய சிம்மை எறிந்துவிட்டுப் புதியதைப் போட வேண்டும். சஞ்சார் சாத்தியில் முடக்கியிருந்தால், முடக்கியபோது கிடைத்த கோரிக்கை எண்ணைக் கொடுத்து அதே தளத்தில் விடுவிக்க வேண்டும். இதைச் செய்யாமல் "போன் கிடைச்சும் டவர் வரலை" என்று சர்வீஸ் கடைக்கு அலைகிறவர்கள் உண்டு.